இருநூற்று எண்பத்தேழு

ஒன்பதாவது சுற்று முடிந்த இடத்தில் ஆவுடை நின்றுவிட்டாள். பத்துச் சுற்று என்பது பேச்சு. கால் வலிக்கவில்லை, மூச்சும் வாங்கவில்லை, ஆனாலும் நின்றுவிட்டாள். மைதானத்தின் மேற்கு மூலையில் வேப்பமரத்தடியில் கிடந்த சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்து மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தபோது கைக்கடிகாரத்தில் 287 என்று இருந்தது. இருநூற்று எண்பத்தேழு கலோரி எரிந்திருக்கிறது. எரிந்தது என்றால் எங்கே எரிந்தது, புகை எங்கே போயிற்று என்று வேதியியல் படித்தவள் கேட்கக்கூடாதுதான். மூச்சிலும் வியர்வையிலும் போயிற்று, பாதி மைதானத்துச் செம்மண்ணில் சொட்டிப் போயிற்று. போனதைத் திரும்பச் சாப்பிடலாமா, கூடாதா? ஐந்து வாரமாக இதே கேள்விதான் காதுக்குள் கொசு மாதிரி சுற்றுகிறது. போனில் இருக்கிற செயலி சாப்பிடலாம் என்கிறது. காலையில் எழுந்தவுடன் இன்றைக்கு உனக்கு 1300 என்று சொல்லும், நடந்து முடித்ததும் பச்சை எழுத்தில் 1587 என்று ஏற்றிக் காட்டும், ஏதோ அது பார்த்துச் சமைத்துப் போடப்போகிற மாதிரி. ஆஸ்பத்திரியில் உணவு ஆலோசகர் மேடம் எழுதிக்கொடுத்த தாளிலோ 1300 மட்டும்தான் இருக்கிறது. அதற்குக் கீழே, தினமும் ஒரு மணி நேரம் நடை. நடையைச் சேர்த்துத்தான் 1300 என்று போட்டாரா, சேர்க்காமல் போட்டாரா? சேர்த்துப் போட்டிருந்தால் திரும்பச் சாப்பிடுவது ஒரே சோற்றை இரண்டு தடவை சாப்பிடுவது. சேர்க்காமல் போட்டிருந்தால் சாப்பிடாமல் இருப்பது அரைப் பட்டினி, பட்டினி கிடந்து வராதீங்க, ரத்தத்தில் தெரிஞ்சுடும் என்று டாக்டர் முதல் நாளே சொல்லிவிட்டார். அன்றைக்கே கேட்டிருந்தால் முடிந்துபோயிருக்கும். டவுட் ஏதாவது இருக்காம்மா என்று அந்த மேடம் கேட்கத்தான் செய்தார். ஆனால் அதற்குள் அடுத்த டோக்கன்காரர் தன் ஃபைலை மேஜை ஓரத்தில் வைத்துவிட்டார், அவருடைய பெருவிரல் நகம் நெளிந்து மஞ்சளாக இருந்தது, அதைப் பார்த்துக்கொண்டே ஆவுடை, இல்ல மேடம் என்றாள். அவள் வாழ்க்கையில் இல்ல மேடம் என்று சொல்லி விட்டுவிட்ட கேள்விகளை வரிசையாக நிறுத்தினால் இந்த மைதானத்தைச் சுற்றி ஒரு சுற்று வரும். அதனால் அவளே ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தாள்: ஒரு நாள் சாப்பிடுவது, ஒரு நாள் சாப்பிடாமல் விடுவது. இரண்டு பேருக்கும் பாதிப் பாதி மரியாதை. நேற்றுச் சாப்பிடவில்லை. அப்படியானால் இன்றைக்குச் சாப்பிடும் நாள். ஆனால் இன்றைக்கு வியாழக்கிழமை, திங்கட்கிழமை மதுரையில் ஸ்கேன், எடை பதினோரு நாளாக 68.1ஐ விட்டு அசையவில்லை.

“என்னட்டி, பத்தாகலையே, அதுக்குள்ள குத்த வச்சிட்ட?” ஜெயராணி அக்கா வந்துகொண்டிருந்தாள், அஞ்சலகத்தில் வேலை, சேலைக்குக் கீழே வெள்ளை ஷூ. பக்கத்தில் வழக்கம்போல ரிட்டயர்டான பாப்பா டீச்சர். இருவரும் நடப்பதைவிட நிற்பதுதான் அதிகம், நிற்கும்போது கையை மட்டும் வீசிக்கொள்வார்கள். “போதும்க்கா” என்றாள் ஆவுடை. “போதும்னா எப்படி? மாப்பிள்ள வீட்டுல எத்தன கிலோ கேட்டுருக்காவ?” “பவுனுல்லா கேப்பாவ, கிலோவா கேப்பாவ?” என்றார் பாப்பா டீச்சர். “இப்ப ரெண்டும்தான் டீச்சர் கேக்காவ. அங்க கூட்டணும், இங்க குறைக்கணும்.” இரண்டு பேரும் சிரித்தார்கள். ஆவுடையும் சிரித்து வைத்தாள். கல்யாணத்துக்காக இளைக்கிறாள் என்று முதல் வாரமே அவர்களாகவே முடிவு செய்துகொண்டார்கள், ஆமாக்கா என்று அவள் சொன்னது அதைவிட நீளமான பதில் வாயில் வராததால்தான். நீளமான பதிலை எங்கிருந்து தொடங்குவது? எங்க அப்பாவுக்கு, அக்கா, மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்தாரே, நம்ம தெருவில் மழைநாளில் கம்பத்தில் ஏறுவாரே, அவருக்குத்தான் ஈரல் சுருங்கிப்போயிற்று. குடித்ததால் இல்லை, அதை முதலில் சொல்லிவிட வேண்டும், எல்லாரும் அதைத்தான் நினைப்பார்கள். என்றைக்கோ வந்த காமாலை உள்ளேயே தங்கி முப்பது வருஷமாகத் தின்றிருக்கிறது. வீட்டில் யாராவது தங்கள் ஈரலில் ஒரு பங்கை வெட்டிக் கொடுக்க வேண்டும். அம்மாவின் ரத்த வகை வேறு, தம்பிக்குப் பதினேழு வயது, பதினெட்டு ஆகாமல் தொடமாட்டார்கள், சித்தப்பாவுக்குச் சர்க்கரை. மிச்சம் நான். ஆனால் என் ஈரலில் கொழுப்பு பதினெட்டு சதவீதம் இருக்கிறது, அக்கா, கொழுப்பு ஏறிய ஈரலை வெட்டி வைத்தால் அங்கேயும் சரியாக வேலை செய்யாது, இங்கே மிச்சமிருப்பதும் சரியாக வளராது, அதனால் எட்டு வாரத்துக்குள் ஆறு கிலோ குறைத்துவிட்டு வா என்றார்கள், ஐந்தாம் வார முடிவில் ஒரு ஸ்கேன் பார்ப்பார்கள். இதை எந்த மூச்சில் சொல்வது, அதுவும் வெள்ளை ஷூவைப் பார்த்துக்கொண்டு? மாப்பிள்ளை என்பது சுலபம். இல்லாத மாப்பிள்ளைக்காக இளைப்பதில் யாருக்கும் கண் கலங்காது. “வாரேன்க்கா” என்று எழுந்தாள். “போ போ, மாப்பிள்ள காத்துக் கெடப்பான்.”

மே மாதம், ஆறேமுக்கால் மணிக்கே வெயில் பிடரியில் கை வைத்தது. பள்ளிக்கூடம் திறக்க இன்னும் மூன்று வாரம், ஆய்வகத்தில் அவள் கழுவி அடுக்கிவிட்டு வந்த சோதனைக் குழாய்கள் தூசி படிந்து நிற்கும். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஊசியில் ஒரு நிலக்கடலையைக் குத்திப் பற்றவைத்து, மேலே குழாயில் தண்ணீரைச் சூடாக்கிக் காட்டுவாள். கடலைக்குள் இவ்வளவு நெருப்பா டீச்சர் என்று கேட்பார்கள், அவள் டீச்சர் இல்லை, ஆய்வக உதவியாளர்தான், இருந்தாலும் கேட்பார்கள். அந்த ஒரே ஒரு கடலை எண்ணெய் கக்கிக்கொண்டு அணையாமல் எரியும். தெருமுனை டீக்கடையில் உளுந்தவடை எண்ணெயில் இறங்கும் சத்தம் கேட்டது. ஒரு வடை நூற்று நாற்பது என்று வைத்துக்கொண்டால் இரண்டு வடை இருநூற்றெண்பது, ஏழு மிச்சம், ஏழுக்குச் சட்னியைத் தொட்டுப் பார்க்கலாம். அல்லது ஒரு பரோட்டா, சால்னா இல்லாமல். சால்னா இல்லாமல் பரோட்டாவை யார் சாப்பிடுவார்கள்? அப்பா பார்த்தால் சிரிப்பார். சனிக்கிழமை டியூட்டி முடிந்து வரும்போது சைக்கிள் ஹேண்டில்பாரில் வாழையிலைப் பொட்டலம் ஆடிக்கொண்டே வரும், பிரிக்கும்போது இலை வெந்து கறுத்திருக்கும், பரோட்டாவைப் பிய்த்துப் போட்டு சால்னாவை அவரே ஊற்றிப் பிசைந்து, தம்பிக்கு ஒரு பங்கு, இவளுக்கு ஒன்றரைப் பங்கு. வளர்ற பிள்ள என்பார். இருபது வயதிலும் வளர்ற பிள்ளதான். அந்தப் பதினெட்டு சதவீதத்தில் பாதி அவர் பிசைந்து கொடுத்தது என்று முதல் ஸ்கேனுக்குப் பிறகு அவருக்கே தோன்றியிருக்க வேண்டும், அன்றிலிருந்து அவள் தட்டின் முன்னால் உட்கார்ந்தால் அவர் எழுந்து போய்விடுகிறார். ஏதோ வேலை இருக்கிற மாதிரி பேப்பரை மடித்துக்கொண்டு வாசல் பக்கம் போவார், வயிறு பெருத்துக் கால் மெலிந்து, ஒரு கையால் சுவரைத் தொட்டுத் தொட்டு. அவள் நிறுத்துச் சாப்பிடுவதை அவரால் பார்க்க முடியவில்லை. வடையை வாங்கவில்லை. தாண்டி வந்த பிறகும் வாசனை பத்தடி கூடவே வந்தது. வெட்டினாலும் வளர்ந்துவிடும்மா, நகம் மாதிரிதான், இரண்டு மூன்று மாதத்தில் கிட்டத்தட்ட பழைய அளவு வந்துவிடும் என்றார் சர்ஜன். தாளை எடுத்துப் பேனாவால் வயிறு வரைந்து, நடு நெஞ்சுக்குக் கீழே ஒரு கோட்டை நேராக இறக்கி வலப்பக்கம் திருப்பினார். ‘ட’ மாதிரி இருந்தது. அப்பாவின் பேரை எழுதுவதில் ‘ட’ வராது, அவளுடைய பேரில் வரும். எரித்ததைத் திரும்பச் சாப்பிடலாம், வெட்டினது திரும்ப வளரும், எல்லாமே திரும்ப வந்துவிடுகிறது என்கிறார்கள், வராமல் போவது எது என்று மட்டும் யாரும் சொல்வதில்லை. அதைக் கேட்கத்தான் ஆஸ்பத்திரியில் ஈரல் கொடுப்பவர்களிடம் பேசுகிற இன்னொரு மேடத்திடம் அவளைத் தனியாக உட்கார வைத்தார்கள்போல, கதவைச் சாத்திவிட்டு. வயதான அம்மாள், மெல்லிய குரல். “உனக்கு இஷ்டம் இல்லேன்னா இப்பவும் சொல்லலாம், ஆபரேஷன் தியேட்டர் வாசல்லயும் சொல்லலாம். காரணத்தை நாங்க வீட்டுல சொல்லமாட்டோம். உடம்பு ஒத்துக்கலைன்னு மட்டும்தான் சொல்லுவோம்.” ஆவுடை தலையாட்டினாள். என்னத்துக்குத் தலையாட்டினோம் என்று வெளியே வந்த பிறகும் அவளுக்குத் தெரியவில்லை. உடம்பு ஒத்துக்கலை. எவ்வளவு சாதுவான வாக்கியம். யாரையும் குற்றம் சொல்லாத வாக்கியம். 68.1 அசையாமல் நின்றால் அந்த மேடம் பொய்கூடச் சொல்ல வேண்டியிருக்காது.

வாசலில் செருப்பைக் கழற்றும்போதே உள்ளேயிருந்து அப்பா கேட்டார். “எத்தன ரவுண்டும்மா?” தினமும் கேட்கிற ஒரே கேள்வி. “பத்துப்பா.” பொய் தானாக வந்துவிட்டது. அவர் பேப்பருக்குப் பின்னாலிருந்து ம் என்றார். அடுப்படியில் அம்மா கேப்பைக் கஞ்சியை ஆற்றிக்கொண்டிருந்தாள், டம்ளரிலிருந்து டம்ளருக்கு, ஒரு முழ உயரத்துக்கு. மேடையில் எடை பார்க்கும் சின்ன மெஷின் இருந்தது. அது வந்த நாளில் அம்மா, தங்கமா நிறுக்கப்போற என்று சொன்னதோடு சரி, அப்புறம் அதைத் துடைத்துத் துடைத்து வைக்கிறாள். முப்பது கிராம் கேப்பை மாவு, நூறு மில்லி மோர், உப்பு. மாவை ஆவுடையே நிறுத்துத் தருவாள், காய்ச்சுவது மட்டும் அம்மா. டம்ளரை வாங்கிக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். வாய்க்குக் கொண்டுபோனாள். கஞ்சி தொண்டையில் இறங்குவதற்கு முன்னால் நாக்கு ஒரு இடத்தில் நின்றது. வழுவழுப்பு. கேப்பை வழுவழுக்காது, அது திப்பித் திப்பியாகத்தான் இறங்கும். வழுவழுப்புக்குப் பின்னால் ஒரு வாசனை, வறுத்த வாசனை, அதற்கும் பின்னால் நல்லெண்ணெய். டம்ளரைக் கீழே வைத்தாள். எழுந்து அலமாரியில் கேப்பை மாவு டப்பாவுக்குப் பின்னாலிருந்த சின்ன டப்பாவைத் திறந்து ஒரு சிட்டிகை எடுத்து உள்ளங்கையில் தேய்த்துப் பார்த்தாள். பழுப்புக்குள் கறுப்புப் பொட்டு. தோலோடு வறுத்து அரைத்த கறுப்பு உளுந்து. “அம்மா, இதுல என்ன போட்டிருக்க?” அம்மா ஆற்றுவதை நிறுத்தவில்லை, கையில் இருந்தது காலி டம்ளர் என்பதைக்கூடக் கவனிக்கவில்லை. “என்னத்தப் போட்டேன்? ஒண்ணும் போடல.” “உளுந்து.” “உளுந்துன்னா விஷமா?” “எண்ணெயும் ஊத்தியிருக்க.” “ஒரு கரண்டி. சின்னக் கரண்டி.” “எத்தன நாளா?” அம்மா சுவரைப் பார்த்தாள், நாள்காட்டி அங்கே இருந்தது. “ரெண்டு வாரம் இருக்கும். நீ பெரிய மனுஷி ஆனப்ப பதினாறு நாளும் உளுந்தங்களிதான கொடுத்தேன். இடுப்பெலும்புக்கு. இப்ப வயித்தக் கீறப்போறான், தெம்பில்லாம எலும்புந்தோலுமா கொண்டுபோய் மேசையில படுக்க வைக்கச் சொல்லுதியா? கொழுப்பக் குறைன்னுதான சொன்னான், தெம்பக் குறைன்னா சொன்னான்?” “ரெண்டும் ஒரே இடத்துலதாம்மா இருக்கு.” “அது எனக்குத் தெரியாது. நீ கெமிஸ்ட்ரி படிச்சவ.” அம்மாவின் குரல் சட்டென்று தாழ்ந்தது, முன்னறையை ஒரு கண் பார்த்துக்கொண்டாள். “எனக்கு ரெண்டு பேரும் வேணும்ட்டி.”

ஆவுடை மறுபடி டம்ளரின் முன்னால் வந்து உட்கார்ந்தாள். மணி ஏழு நாற்பது. ஆஸ்பத்திரிச் சீட்டில் உணவு ஆலோசகர் மேடத்தின் போன் நம்பர் உண்டு, எட்டு மணிக்கு மேல் கூப்பிடலாம் என்று அடிக்கோடு போட்டிருந்தது, ஐந்து வாரத்தில் அந்த நம்பர் மனப்பாடம் ஆகிவிட்டது, ஒரு தடவைகூட அமுக்கியதில்லை. இருபது நிமிஷம். கஞ்சியின் மேல் மெல்லிசாக ஏடு படிந்துகொண்டிருந்தது. ஒரு கரண்டி எண்ணெய் நாற்பத்தைந்து, உளுந்து எழுபது எண்பது, நிறுத்துக் கொடுத்த சிறுபயறு சுண்டலிலும் எண்ணெய் விட்டிருப்பாள், இரவு சப்பாத்தியில் நிச்சயம் தடவியிருப்பாள். கூட்டினால் கிட்டத்தட்ட அந்த இருநூற்று எண்பத்தேழே வரும். திரும்பச் சாப்பிடலாமா என்று ஒரு நாள் விட்டு ஒரு நாள் அவள் மண்டையைக் குடைந்துகொண்டிருக்க, அம்மா ஒரு நாள்கூட விடாமல் ஊட்டி முடித்திருக்கிறாள். சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பு பாதியில் எங்கோ தட்டி நின்றது. அந்த இடத்தைத் தாண்டிப் போகப் பார்த்தாள், நெல்லிக்காய்க் கொட்டை மாதிரி அங்கேயே நின்றது. இரண்டு வாரம். பதினோரு நாளாக 68.1. இரண்டு வாரமாகக் கஞ்சி வழுவழுப்பாகத்தானே இருந்தது? முதல் நாள் வாய் வைத்தபோதே நல்லெண்ணெய் தெரிந்ததே? தெரிந்தது. கரண்டியில் ஒட்டியிருந்திருக்கும் என்று நினைத்தாள். இரண்டாம் நாள் சட்டியில் இருந்திருக்கும் என்று நினைத்தாள். மூன்றாம் நாளிலிருந்து நினைக்கவே இல்லை. ஆய்வகத்தில் ஒரு குழாயில் பழைய அமிலம் துளி ஒட்டியிருந்தால் மூக்கைவைத்தே கண்டுபிடிக்கிறவள். கிராமுக்குக் கிராம் நிறுக்கிறவள். கடிகாரத்தைச் சந்தேகப்பட்டாள், மெஷினைச் சந்தேகப்பட்டு ஒரு கிலோ சர்க்கரைப் பாக்கெட்டை வைத்துச் சரிபார்த்தாள், செயலியைச் சந்தேகப்பட்டாள், அந்த மேடத்தின் கையெழுத்தைக்கூட, அது 1300தானா 1200ஆ என்று. டம்ளரை மட்டும் சந்தேகப்படவில்லை. இரண்டு வாரமும் தினமும் குடித்துவிட்டு டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தாள். இன்றைக்கு ஒன்பதாவது சுற்றில் கால் வலிக்காமல் நின்றதும் இதுதான். இல்ல மேடம் என்று சொன்னதும் இதுதான். எடை அசையாமல் நின்ற ஒவ்வொரு காலையிலும் உள்ளே ஒரு ஆள் அப்பாடா என்று உட்கார்ந்தாள், அந்த ஆளின் முகத்தை அவள் பார்க்காமலே தாண்டிப் போனாள். வேண்டாம் என்று வாயால் சொல்ல அவளால் முடியாது. முடியாததை ஈரலையே சொல்ல வைக்கப் பார்த்திருக்கிறாள். அது கெட்ட எண்ணமா என்றும் தெரியவில்லை. பயம்தான், வெறும் பயம், ‘ட’ போட்ட வயிறு, விழிக்காமல் போவது, விழித்த பிறகு அப்பாவைப் பற்றிய கெட்ட சேதி தம்பியின் முகத்தில் தெரிவது. பயப்படக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பயத்தை அம்மாவின் எண்ணெய்க் கரண்டிக்குப் பின்னால் ஒளித்துவைத்தால், நாளைக்கு உடம்பு ஒத்துக்கலை என்று அந்த மெல்லிய குரல் சொல்லும்போது, அம்மா அடுப்படிக்குப் போய் உளுந்து டப்பாவைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். ஆயுசுக்கும் நிற்பாள். இவள் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அது மட்டும் முடியாது. மற்றதெல்லாம் முடியுமா என்று தெரியாது, அது முடியாது என்பது தெரிந்தது. கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள். எட்டு அடிக்க ஒரு நிமிஷம் இருக்கும்போதே நம்பரை அமுக்கிவிட்டாள், எட்டு வரை காத்திருந்தால் கை பின்வாங்கிவிடும் என்று.

“சொல்லுங்க, யார் பேசறது?” அருணாசலம் மக பேசுதேன் என்பதுதான் ஐந்து வாரமாக ஒத்திகை பார்த்துவைத்த வாக்கியம். வாயைத் திறந்தபோது வேறு வந்தது. “அருணாசலம் டோனர், மேடம். பாளையங்கோட்டை. ஆவுடை.” டோனர், கொடுப்பவள் என்கிற அந்தச் சொல்லைத் தனக்காக அவள் சொன்னது அதுதான் முதல் தடவை. அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றுபோனது. முன்னறையில் பேப்பர் சத்தமும். கேள்வியைக் கேட்டாள், திக்காமல் கேட்டுவிட்டாள், நடந்து எரித்ததைத் திரும்பச் சாப்பிடலாமா என்று. மேடம், “நடையையும் சேர்த்துத்தாம்மா எழுதியிருக்கேன், வாட்ச் காட்டறதெல்லாம் கூடத்தான் காட்டும், நம்பாதீங்க” என்றார். “ஆனா தலை சுத்துற அளவுக்குப் பசிச்சா அதுல பாதி சாப்பிடுங்க. இட்லி, பயறு, அந்த மாதிரி. இத கேக்க அஞ்சு வாரமா?” “ஆமா மேடம்.” உளுந்துக் கஞ்சியைச் சொன்னதும் அந்தப் பக்கம் ஒரு சிரிப்பு. “அம்மாவா? ஒரு வீட்டுல மாமியார் பாதாம் பால் கொடுத்துட்டாங்க.” எடை நிற்பதைச் சொன்னாள். திங்கட்கிழமை ஸ்கேனில் கொழுப்பு அவர்கள் கேட்ட பத்து சதவீதத்துக்குக் கீழே வராது என்று அவளுக்கே தெரிகிறது என்றாள். “எனக்கு எட்டு வாரத்துக்கு மேல இன்னும் ரெண்டு வாரம் தருவாங்களா மேடம்? அப்பாவுக்கு அதுவரைக்கும் தாங்குமா?” டாக்டரைக் கேட்டுத்தான் சொல்ல வேண்டும், போன வார ரத்தம் மோசமில்லை, தாங்கும் என்றுதான் நினைக்கிறேன் என்றார் மேடம். அப்புறம், “உங்களுக்குப் பரவாயில்லையாம்மா?” என்று கேட்டார். “பயமாத்தான் இருக்கு” என்றாள் ஆவுடை. “வாரேன்.”

போனை வைத்துவிட்டுத் திரும்பியபோது அம்மா நின்றபடியே அந்த ஆறிய கஞ்சியை ஒரே மூச்சில் குடித்து முடித்திருந்தாள், வீணாக்க அவளுக்கு மனசு வராது. வாயைத் துடைத்துக்கொண்டு, “உப்பு கம்மி” என்றாள். பிறகு இட்லிச் சட்டியைத் திறந்து இரண்டு இட்லியை எடுத்து மெஷினில் அவளே வைத்துப் பார்த்தாள், எண்ணை வாய்க்குள் சொல்லிக்கொண்டு, ஒன்றின் ஓரத்தைக் கிள்ளி எடுத்துத் தன் வாயில் போட்டுக்கொண்டாள். தட்டு முன்னால் வந்தது. அப்பா சுவரைப் பிடித்துக்கொண்டு அடுப்படி வாசலுக்கு வந்து நின்றார். வழக்கம்போல வாசலுக்குப் போய்விடுவார் என்று ஆவுடை நினைத்தாள். “எத்தன ரவுண்டுன்னு சொன்ன?” என்றார். “ஒம்பதுப்பா.” “பத்துன்னுல்லா சொன்ன?” “ஒம்பதுதான்.” அவர் முக்காலியைக் காலால் இழுத்து, வயிற்றைத் தாங்கிக்கொண்டு, மெதுவாக அவளுக்கு எதிரே உட்கார்ந்தார். அவள் இட்லியைப் பிட்டாள். அவர் பார்த்துக்கொண்டே இருந்தார், சாப்பிட்டு முடிக்கும்வரை.